'படிப்பே ஏறல... ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குறான்!' குழந்தைக்கு உளவியல் பரிசோதனை எப்போது, எங்கே, எப்படி? முழு விளக்கம்

பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் வழியில் இருக்கிறது ஆயக்குடி. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் இரண்டு விஷயங்களால் தெரியும். ஒன்று கொய்யா. இன்னொன்று, அரசுப் பணித் தேர்வுகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கும் மரத்தடி மையம். படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதைக் கண் முன்னால் பார்க்கிற ஊர்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் நான்காம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறான் என்றால் வீட்டில் என்ன நடக்கும்? முதலில் அடி. அப்புறம் டியூஷன். அதற்குப் பிறகு மலைக் கோயிலில் வேண்டுதல். கடைசியில் "இவனுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது" என்று ஒரு தீர்ப்பு. இந்த வரிசையில் வராமலே போகிற ஒன்றுதான் உளவியல் பரிசோதனை.

அது என்ன பரிசோதனை, யார் செய்வார்கள், அரசு மருத்துவமனையில் கிடைக்குமா, சான்றிதழ் வாங்கினால் என்ன பலன், எதில் ஏமாறக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உளவியல் பரிசோதனை என்றால் என்ன?

ரத்தப் பரிசோதனை போலவோ ஸ்கேன் போலவோ நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊசி கிடையாது, மெஷின் கிடையாது. பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையுடன் உட்கார்ந்து கேள்வி கேட்பார், படம் காட்டுவார், கட்டைகளை அடுக்கச் சொல்வார், படிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கேள்வி, ஒரே முறை, ஒரே நேரக் கணக்கு. அதே வயதுள்ள மற்ற குழந்தைகள் எப்படிச் செய்தார்கள் என்ற அளவுகோல் கையில் இருக்கும். அதோடு ஒப்பிட்டுத்தான் முடிவு.

பொதுவாக மூன்று வகைச் சந்தேகங்களுக்கு இந்தப் பரிசோதனை உதவும்.

1. கற்றல்: அறிவு இருக்கிறது, ஆனால் வாசிப்போ எழுத்தோ கணக்கோ மட்டும் வரவில்லை.

2. கவனம்: ஒரு வேலையை முடிக்க முடியவில்லை, எப்போதும் துறுதுறுப்பு, மறதி.

3. மனநலம்: சோர்வு, பயம், பதற்றம், தூக்கமின்மை, திடீரென்று மாறிய நடத்தை.

மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும்: மார்க் குறையும். அதனால்தான் பிரித்துப் பார்க்க ஒரு பரிசோதனை தேவைப்படுகிறது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

ஒரு பரீட்சையில் மார்க் குறைந்ததற்கெல்லாம் ஓட வேண்டியதில்லை. கீழே உள்ளவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் கவனியுங்கள்.

• வாயால் கேட்டால் பதில் சொல்கிறான், அதையே எழுதச் சொன்னால் முடியவில்லை.

• ஒரே வார்த்தையை ஒரே பக்கத்தில் மூன்று விதமாகத் தப்பாக எழுதுகிறாள்.

• போர்டைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

• கதை சொன்னால் நினைவில் இருக்கிறது, வாய்ப்பாடு மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் நிற்பதில்லை.

• நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி என்கிறது.

கடைசி அறிகுறிக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. முன்பு நன்றாகப் படித்துவிட்டு இப்போது மட்டும் சரிந்தால், அது கற்றல் குறைபாடாக இருக்க வாய்ப்பு குறைவு. கற்றல் குறைபாடு சின்ன வயதிலிருந்தே கூட வரும். திடீர்ச் சரிவு என்றால் வீட்டில், பள்ளியில், வழியில் என்ன நடந்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

முதலில் கண், காது, ரத்தம்

உளவியலாளரிடம் போவதற்கு முன்பு குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். காரணம் எளிது. பார்வைக் குறைபாடு இருக்கும் குழந்தை போர்டைப் பார்த்துத் தப்பாகத்தான் எழுதும். காதில் அடிக்கடி சீழ் வரும் குழந்தைக்கு டீச்சர் சொல்வது பாதிதான் கேட்கும். ரத்தசோகை இருந்தால் சோர்ந்துதான் உட்காரும். தைராய்டு பிரச்னை, தூக்கக் குறைவு இருந்தாலும் இதே கதைதான்.

இன்னொன்றும் உண்டு. பேசிக்கொண்டே இருக்கும் குழந்தை சில விநாடிகள் அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்ந்து பேசும். 'பராக்குப் பார்க்கிறான்' என்று தலையில் குட்டுவார்கள். அது வலிப்பு நோயின் ஒரு வகையாகவும் இருக்கலாம். கை கால் இழுத்தால்தான் வலிப்பு என்பதில்லை. இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பள்ளி, அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு இதற்கென ஓர் அரசுத் திட்டமே இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களை நடமாடும் மருத்துவக் குழு சோதிக்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இதய நோய், பல் சொத்தையோடு கற்றல் குறைபாடும் கவனக் குறைபாடும் இருக்கின்றன. குழு உங்கள் பள்ளிக்கு வரும் நாளில் "சார், பையனுக்குப் படிக்கிறதுல சிரமம் இருக்கு" என்று சொல்லிவைத்தால் மேல் பரிசோதனைக்குப் பரிந்துரைப்பார்கள். சொல்லாவிட்டால் எடை, உயரம் பார்ப்பதோடு போய்விடும்.

யார் பரிசோதிக்கலாம்?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேல்படிப்பு படித்த டாக்டர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார்.

மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்: உளவியல் பரிசோதனைகளைச் செய்து அறிக்கை தருபவர் இவர்தான். மருந்து எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில் இது. அறிக்கையின் அடியில் கையெழுத்தோடு பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

ஆலோசகர், அதாவது கவுன்சிலர்: பேசி ஆறுதல் சொல்லலாம், வழிகாட்டலாம். ஆனால் சான்றிதழுக்கு இவர் தரும் அறிக்கை செல்லாது.

சிறப்பாசிரியர்: குழந்தைக்கு எந்த முறையில் சொல்லிக்கொடுத்தால் ஏறும் என்று தெரிந்தவர். பரிசோதனைக்குப் பிறகு அதிகம் தேவைப்படுபவர்.

"உங்க பதிவு எண் என்ன மேடம்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தைரியமாகக் கேட்கலாம்.

அறைக்குள் என்ன நடக்கும்?

முதலில் பெற்றோரிடம்தான் பேசுவார்கள். பிரசவம் எப்படி இருந்தது, எப்போது நடந்தான், எப்போது பேசினான், தலையில் அடிபட்டதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது படிப்பில் இந்த மாதிரிச் சிரமம் இருந்ததா? கடைசிக் கேள்விக்கு அப்பா தயங்கித் தயங்கி "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்வது உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கற்றல் குறைபாடு குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. அந்தத் தகவல் உளவியலாளருக்கு மிகவும் உதவும். பழைய நோட்டுப் புத்தகங்களைக் கையோடு கொண்டு போங்கள். ரேங்க் கார்டை விட நோட்டில் இருக்கும் தப்புகள் அதிகம் சொல்லும்.

அப்புறம் குழந்தையின் முறை. எண்களை வரிசையாகச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்வார்கள், பிறகு அதையே தலைகீழாக. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அட்டையில் உள்ள வடிவம் போல அடுக்க வேண்டும். ஒரு தாள் நிறைய எண்கள் இருக்கும், அதில் குறிப்பிட்ட எண்ணை மட்டும் அடித்துக்கொண்டே போக வேண்டும். கவனம் எங்கே நழுவுகிறது என்று அதில் தெரியும். பிறகு வாசிப்பு, சொல்வதை எழுதுதல், கணக்கு.

கற்றல் குறைபாட்டுக்கு இந்தியாவில் பரவலாகப் பயன்படுவது பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய பரிசோதனைத் தொகுப்பு. 5 முதல் 7 வயதுக்கு ஒரு நிலை, 8 முதல் 12 வயதுக்கு இன்னொரு நிலை. எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடாது. குழந்தை களைத்துப்போனால் மார்க் குறையும் என்பதால் இரண்டு, மூன்று நாள் வரச் சொல்வார்கள். 'பத்தே நிமிடத்தில் ரிசல்ட்' என்றால் சந்தேகப்படுங்கள்.

ஐ.க்யூ. எண்: பயப்பட வேண்டுமா?

அறிக்கையில் பெற்றோர் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். இதன் கதை பாரிஸில் தொடங்குகிறது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவ வேண்டும் என்று பிரெஞ்சு அரசு கேட்டதால், ஆல்ஃபிரட் பினே, தியோடர் சைமன் இருவரும் 1905-ல் முதல் அளவுகோலை உருவாக்கினார்கள். குழந்தைக்கு உதவத் தொடங்கிய சோதனை அது. அறிவு என்பது கூடவே கூடாத ஒன்று என்ற எண்ணத்தைப் பினே ஏற்கவில்லை.

அந்த அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிப்படுமா? பாரிஸ் குழந்தைக்குத் தெரிந்த படமும் சொல்லும் நம் குழந்தைக்குத் தெரியாதே! அதனால் வி.வி. காமத் 1930-களில் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காக அதை மாற்றியமைத்தார். 'பினே காமத் சோதனை' என்ற பெயரில் இன்றும் பயன்படுகிறது. 1969-ல் நாக்பூரில் மாலின் என்பவர் இந்தியக் குழந்தைகளுக்கென்று இன்னொரு அளவுகோலைத் தந்தார். அதைச் சுருக்கமாக 'மிசிக்' என்பார்கள்.

இந்த மாதிரிச் சோதனைகளில் சராசரி 100. சுமார் 68 சதவீதம் பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். 70-க்குக் கீழே வந்தால் மட்டும் அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. தானாகச் சாப்பிடுவது, உடை உடுத்துவது, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருவது போன்ற அன்றாடத் திறன்களையும் அளந்த பிறகே முடிவு. 70-க்கும் 85-க்கும் இடையில் இருக்கும் குழந்தைகளை 'மெதுவாகக் கற்பவர்கள்' என்பார்கள். இவர்களுக்குச் சான்றிதழும் கிடைக்காது, பாடமும் வேகமாக ஏறாது. அதிகம் பேசப்படாத பிள்ளைகள் இவர்கள்தான்.

கற்றல் குறைபாட்டில் விஷயமே வேறு. ஐ.க்யூ. சராசரியாக இருக்கும், ஏன், அதற்கு மேலேயும் இருக்கும். படிப்பது மட்டும் வராது. 'இவ்வளவு புத்திசாலி, ஆனா எழுத வரல' என்ற அந்த இடைவெளிதான் அடையாளம். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தில் அந்தப் பையனுக்கு இருந்தது இதுதான்.

தமிழ் படிக்கும் குழந்தைக்கு எந்தச் சோதனை?

கேட்க வேண்டிய கேள்வி இது. டிஸ்லெக்சியா என்றதும் ஆங்கிலத்தில் 'பி', 'டி' எழுத்துகளை மாற்றி எழுதுவதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். தமிழில் வழுக்கும் இடங்கள் வேறு.

'கெ' என்று சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது 'க்', அப்புறம்தான் 'எ'. எழுதும்போதோ கொம்பு முதலில், 'க' பின்னால். 'கொ' என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில். காதும் கையும் எதிரெதிர் வரிசையில் போகின்றன.

அடுத்து ஒலி. கடல், அகம், தங்கம் மூன்றிலும் 'க' ஒரே எழுத்துதான். ஒலி மூன்று விதம். பிறகு ன, ண, ந, ல, ள, ழ, ர, ற. போதாக்குறைக்கு வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிப் பழகிய வாய் 'போய்விட்டு வருகிறேன்' என்று வாசிக்க வேண்டும்.

247 எழுத்துகளைப் பழகும் வரை எல்லாக் குழந்தைகளும் இந்த இடங்களில் தடுக்கி விழத்தான் செய்யும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் கொம்பு மாறினால் கவலை வேண்டாம். நன்றாகச் சொல்லிக்கொடுத்தும், பயிற்சி தந்தும், எட்டு வயதுக்குப் பிறகும் அதே தப்பு தொடர்ந்தால்தான் பரிசோதனை. அப்போது உளவியலாளர் 'தபிமு' மாதிரி அர்த்தமே இல்லாத சொற்களை வாசிக்கச் சொல்லலாம். தெரிந்த சொல் என்றால் குழந்தை மனப்பாடமாகச் சொல்லிவிடும். தெரியாத சொல் என்றால் எழுத்தை ஒலியாக மாற்றியே ஆக வேண்டும். குறை எங்கே என்று அங்கே பிடிபட்டுவிடும்.

ஆக, தமிழ் வழியில் படிக்கும் குழந்தையை ஆங்கிலப் பத்தியை மட்டும் வாசிக்க வைத்து 'டிஸ்லெக்சியா' என்று எழுதிக் கொடுத்தால் அதை ஏற்க வேண்டாம். "தமிழ்ல சோதிச்சீங்களா?" என்று கேளுங்கள். ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-ல் இந்திய மொழிகளுக்கான டிஸ்லெக்சியா சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. அதுகூட முதலில் வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில்தான். தமிழ்நாட்டில் 1991-லிருந்து இந்தத் துறையில் இயங்கி வருவது சென்னையில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு என்று செயல்படுகிறது.

மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு?

ஆயக்குடிக்கு மேலே மலை. பழனி மலைத்தொடரில் பளியர், புலையர் பழங்குடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் குழந்தை மழைக்காலத்தில் பள்ளிக்கு வர முடியாமல் போகலாம். அறுவடைக் காலத்தில் அப்பா அம்மாவோடு வேலை நடக்கும் இடத்துக்குப் போகலாம். வருடத்தில் பாதி நாள் வகுப்பிலேயே இல்லாத பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் அது கற்றல் குறைபாடு ஆகுமா?

ஆகாது. சரியான கற்பித்தல் கிடைத்தும் வராமல் போவதுதான் குறைபாடு. கற்பித்தலே கிடைக்காதது வேறு பிரச்னை, அதற்குத் தீர்வும் வேறு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு தமிழ்நாடு முழுக்க இந்தச் சிக்கல் வந்தது. 'இல்லம் தேடிக் கல்வி', 'எண்ணும் எழுத்தும்' திட்டங்கள் அந்த இடைவெளியை அடைக்கத்தான் வந்தன.

ஐ.க்யூ. சோதனையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பார்த்தே இராத பொருள்களைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் பதில் தெரியும்? எழுத்தறிவு தேவைப்படாத சோதனைகளும் உண்டு. 1955-ல் வந்த பாட்டியா செயல்திறன் சோதனைகள், வடிவங்களை வைத்தே கேட்கும் ராவன் சோதனை ஆகியவை அந்த வகை. இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு எதைப் பயன்படுத்தினார்கள் என்று அறிக்கையில் இருக்க வேண்டும்.

துறுதுறுப்பு எல்லாம் ஏ.டி.எச்.டி.யா?

ரீல்ஸ் பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் ஏ.டி.எச்.டி. இருப்பது போலத்தான் தோன்றும். கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த இந்தக் குறைபாட்டுக்கு, உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் விதிகள் இருக்கின்றன.

• கவனக்குறைவு அறிகுறிகள் ஒன்பது, மிகை இயக்க அறிகுறிகள் ஒன்பது. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஐந்து போதும்.

• குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்.

• 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

• ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் போதாது. வீட்டிலும் பள்ளியிலும் என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும்.

கடைசி விதிதான் முக்கியம். கணக்கு வகுப்பில் மட்டும் துள்ளுகிறான், மற்ற இடங்களில் எல்லாம் சமர்த்து என்றால் சந்தேகப்பட வேண்டியது கணக்கு வகுப்பை. அதனால்தான் டீச்சருக்கு ஒரு படிவம், பெற்றோருக்கு ஒரு படிவம் என்று தனித்தனியாகக் கொடுப்பார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. துள்ளாமல், யாரையும் தொந்தரவு செய்யாமல், கடைசி பெஞ்சில் கனவு கண்டுகொண்டே இருக்கும் பெண் குழந்தைக்கும் ஏ.டி.எச்.டி. இருக்கலாம். சத்தம் போடாததால் அவளை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை.

பெரியவர்களுக்கும் உண்டா?

உண்டு. மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட 'பி.எச்.க்யூ. 9', பதற்றத்துக்கு ஏழு கேள்விகள் கொண்ட 'கேட் 7' ஆகியவை உலகமெங்கும் பயன்படும் முதல்கட்டச் சோதனைகள். முதலாவதில் மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். 'உங்களுக்கு மனச்சோர்வு நோய்' என்று முடிவாகிவிட்டதாக அர்த்தம் இல்லை. மொபைலில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் போட்டுவிட்டு, தானே நோயை முடிவு செய்து, தானே மாத்திரை வாங்கக் கூடாது.

நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை அப்போது இருந்தது. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம். சிகிச்சை கிடைக்காதவர்களோ, நோயைப் பொறுத்து 70 சதவீதத்துக்கும் மேல். நோயை விடப் பெரிய எண் அதுதான்.

சான்றிதழ் வாங்கினால் என்ன பலன்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுகளின் பட்டியல் 7-லிருந்து 21 ஆனது. அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் எல்லாம் உண்டு. ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை. கூடவே கற்றல் குறைபாடும் இருந்தால் அதன் பேரில் விண்ணப்பிக்கலாம்.

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை, 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எட்டு வயது நிரம்பிய பிறகே தருவார்கள். 14 வயதில் ஒரு முறை, 18 வயதில் ஒரு முறை மறுபரிசோதனை. 18-ல் தரும் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். இந்த வழிகாட்டுதல் 2024-ல் திருத்தப்பட்டது. எனவே இப்போதைய நடைமுறையை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு எழுதும்போது தகுதியுள்ள மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருகிறது. பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தொடங்கி, அரையாண்டுத் தேர்வில் ஃபெயில் ஆன பிறகு ஓடினால் பரிசோதனைக்கு நாள் கிடைக்காது, சான்றிதழ் கைக்கு வராது. எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

அதற்குப் பிறகும் பலன் உண்டு. குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்கள், அரசு வேலையில் 4 சதவீத இடங்கள் என்ற மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுக்குள் வரலாம். வேலை ஒதுக்கீட்டில் 1 சதவீதம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவினருக்கு. அரசுத் தேர்வுக்காக மரத்தடியில் உட்கார்ந்து படிக்கும் இளைஞர்களில் யாருக்காவது இது பொருந்தலாம். தனக்கு இருப்பது இதுதான் என்றே அவர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

40 சதவீதம் வரவில்லை என்றால்? கை எழுத வராத சிக்கல் கொண்ட விகாஷ் குமார் என்ற குடிமைப்பணித் தேர்வர் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்த 40 சதவீத அளவு ஒதுக்கீட்டுக்குத்தான், சொல்வதை எழுதுபவரைத் தர மறுக்க அதையே காரணம் காட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

ஆயக்குடியிலிருந்து எங்கே போவது?

படி 1: பள்ளி. வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்து மூலமாகச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளில் இதற்கு 'நலம் நாடி' செயலி இருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வந்து பார்ப்பார். மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று கேட்டு வையுங்கள்.

படி 2: பழனி அரசு மருத்துவமனை. குழந்தைகள் நலப் பிரிவில் கண், காது, ரத்தப் பரிசோதனைகளை முடியுங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமையில் வருகிறார் என்று அங்கேயே விசாரியுங்கள்.

படி 3: திண்டுக்கல். சுமார் 60 கி.மீ. தூரம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் அங்கே இருக்கிறது. சான்றிதழ் தொடர்பான விவரங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அடுத்த கட்டமாகத் தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை.

தனியாரிடம் போனால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பணம் கட்டும் முன்பு, அந்த அறிக்கை சான்றிதழுக்குச் செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனை மறுபடியும் சோதித்துத்தான் சான்றிதழ் தரும்.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' கட்டணமில்லா மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் யாராவது சாக வேண்டும் என்று பேசினால், விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துக் காத்திருக்காமல் உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்.

விரல் ரேகை சோதனை: உஷார்!

பள்ளி ஆண்டு விழாவில் ஸ்டால் போட்டு, பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, 'உங்கள் குழந்தை டாக்டர் ஆகுமா, இன்ஜினியர் ஆகுமா' என்று கலர் கலராக அறிக்கை தருகிறார்கள். 'டி.எம்.ஐ.டி.' என்று பெயர். விரல் ரேகையை வைத்து அறிவையோ கற்றல் குறைபாட்டையோ கண்டறிய எந்த அறிவியல் ஆதாரமும் இல்லை. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் இதையே சொல்லியிருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று வரும் 'மிட் பிரெய்ன்' பயிற்சியும் இதே ரகம்தான். பணம் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. நிஜமான உதவி கிடைக்க வேண்டிய இரண்டு, மூன்று வருடம் சேர்ந்து போய்விடுகிறது.

அறிக்கை கைக்கு வந்ததும் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எந்தெந்தச் சோதனை செய்தீர்கள், எந்த மொழியில்?

2. என் பிள்ளைக்கு எதில் சிரமம், எதில் பலம்?

3. வீட்டில் நாங்கள் நாளையிலிருந்து என்ன மாற்ற வேண்டும்?

4. பள்ளியில் டீச்சர் என்ன செய்ய வேண்டும்? அதை எழுதித் தர முடியுமா?

5. மறுபடி எப்போது சோதிக்க வேண்டும்?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கக் கேட்பது உங்கள் உரிமை. அதனால் அறிக்கையை வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். பள்ளிக்கு முழு அறிக்கையும் தேவையில்லை. என்ன உதவி வேண்டும் என்ற பக்கம் மட்டும் போதும்.

கற்றல் குறைபாட்டுக்கு மாத்திரை கிடையாது. சிறப்பாசிரியரின் பயிற்சிதான் மருந்து. ஏ.டி.எச்.டி.க்குச் சிலருக்கு மருந்து தேவைப்படலாம், அதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்வார். இரண்டுக்குமே அடி மருந்தில்லை.

பரிசோதனை முடிவு எதுவாக வந்தாலும், அதைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள். 'நீ சோம்பேறி இல்லடா, உனக்கு எழுத்து கொஞ்சம் லேட்டா புடிபடுது, அதுக்கு வேற வழி இருக்கு' என்று சொன்னால் போதும். தான் மக்கு என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லே பாதி வைத்தியம்.